விருதுநகரின் நடுவே ஒரு பொட்டல்!

ராஜ்யத்தின் பெயரை மாற்றச் சொல்லி ஒரு பெரியவர் பட்டினி கிடந்த இடம்

காலை நேரத்தில் விருதுநகர் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது.

மிளகாய் மூடை, மல்லி மூடை, பருப்பு மூடை! ஒரு பக்கம் லாரி நிற்கும். மறு பக்கம் மூடை இறங்கும். நடுவில் ஜனங்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போவார்கள். மிளகாய் நெடி மூக்கில் ஏறும். ஊருக்குப் புதியவர் என்றால் நாலு தடவையாவது தும்மி விடுவார்.

பருப்பு என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று இந்த ஊரைப் பார்த்துத்தான் வெளியூர் வியாபாரிகள் கணக்குப் போடுவார்கள். "விருதுநகர் மார்க்கெட் நிலவரம்" என்று பத்திரிகைகளில் தனியாகவே அச்சாகும்.

அப்படிப்பட்ட ஊரில், நட்ட நடுவில், ஒரு திடல் வெட்டவெளியாகக் கிடக்கிறது. பராசக்தி மாரியம்மன் கோயிலை ஒட்டிய இடம். அங்கே மூடை அடுக்கினால் எத்தனை ஆயிரம் அடுக்கலாம்! கிட்டங்கி கட்டினால் மாதா மாதம் எவ்வளவு வாடகை வரும்! காசின் அருமை தெரிந்த ஊர் அது. ஆனாலும் அந்த இடத்தை வெட்டவெளியாகவே விட்டு வைத்திருக்கிறது.

அதன் பெயர் தேசபந்து மைதானம்.

பூ இல்லாத பூங்கா

பூங்கா என்றால் பூச்செடி இருக்கும். புல்தரை இருக்கும். உட்கார சிமெண்டு பெஞ்சு இருக்கும். அதை எல்லாம் எதிர்பார்த்து இங்கே போனால் ஏமாந்து போவீர்கள். இது கந்தக பூமி. வெயில் அதிகம். மழை குறைவு. கரிசல் மண்ணில் பருத்தி விளையும். ரோஜாத் தோட்டம் போட்டால் தண்ணீருக்கு எங்கே போவது?

ஆனால் பூங்கா என்பது செடி மட்டும்தானா?

தெற்குச் சீமையில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் மந்தை என்று ஓர் இடம் உண்டு. பகலில் அங்கே மாடுகள் கூடும். சாயங்காலம் மனிதர்கள் கூடுவார்கள். கூத்து நடப்பது அங்கேதான். பஞ்சாயத்து பேசுவதும் அங்கேதான். பிள்ளைகள் பம்பரம் விடுவதும் கிட்டி அடிப்பதும் அங்கேதான். ஊர் பெரிதாகிப் பட்டணம் ஆனால் அதற்குப் பொட்டல் என்று பெயர் வந்துவிடும். மந்தைக்குத் தனியாகச் சொந்தக்காரர் கிடையாது. தனியாகச் சொந்தக்காரர் இல்லாததால்தான் அது எல்லாருக்கும் சொந்தம்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. அதன் நடுவில் பேர் பெற்ற பூங்கா ஒன்று உண்டு. 1634-ல் ஏற்பட்டது. அந்த நாட்டு நகரப் பூங்காக்களில் அதுதான் மூத்தது என்கிறார்கள். அது முதலில் என்ன தெரியுமா? மாடு மேய்க்கிற மந்தை! சுமார் 200 வருஷம் அங்கே மாடுகள் மேய்ந்தன. 1830-ல்தான் மாட்டுக்குத் தடை போட்டார்கள். பூச்செடியும் நடைபாதையும் பிறகு வந்தவை. முதலில் இருந்தது எல்லாருக்கும் பொதுவான ஒரு வெட்டவெளி.

யார் எங்கே நிற்கலாம்?

இந்த வெட்டவெளியின் அருமை தெரிய வேண்டுமானால் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

அந்தக் காலத்தில் ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். பல ஊர்களை வென்று விருதுக் கொடிகளோடு வந்த ஒரு வீரனை இந்த ஊர்க்காரர் ஒருவர் வெட்டி வீழ்த்தி, அவனுடைய விருதுகளை எடுத்துக் கொண்டார். அதனால் விருதுகள்வெட்டி என்று பெயர் வந்து, விருதுபட்டி ஆயிற்று என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ஊரை வளர்த்தவர்கள் கத்தி பிடித்தவர்கள் அல்ல. தராசு பிடித்தவர்கள்.

நாடார் வியாபாரிகள் மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றிக் கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வழியில் கள்ளர் பயம். அதனால் வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாக இருக்க மதில் கட்டிய பேட்டைகள் உண்டாக்கினார்கள். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களும் இப்படி வளர்ந்தவை. 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓட ஆரம்பித்தது. அது விருதுபட்டி வழியாகப் போயிற்று. வியாபாரம் பெருகிற்று.

சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைப்பது வழக்கம். அதற்கு மகமை என்று பெயர். மகமைப் பணத்தில் கோயில் நடந்தது. பள்ளிக்கூடம் நடந்தது. 1889-ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை இப்படி வளர்ந்த பள்ளிக்கூடம்தான். வீட்டுக்கு வீடு சமைப்பதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அந்தப் பிடி அரிசியும் பள்ளிக்கூடத்துக்குப் போகும். பின்னாளில் முதல் மந்திரியாகி ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டாரே காமராஜர், அவர் படித்தது இந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

பணம் வந்தது. படிப்பும் வந்தது. ஆனால் மரியாதை வந்ததா?

கோயிலுக்குள் போகக் கூடாது என்று தடுத்தார்கள். 1899-ல் சிவகாசியில் இந்தக் காரணத்தால் பெரிய கலவரம் மூண்டது. வீடுகள் எரிந்தன. உயிர்கள் போயின. கமுதிக் கோயில் வழக்கு கடல் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-ல் வந்த தீர்ப்பு நாடார்களுக்குச் சாதகமாக இல்லை. நாடார்களின் நிலையே இது என்றால், அவர்களுக்கும் கீழே என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஜனங்களின் பாட்டைச் சொல்ல வேண்டியது இல்லை. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் வாசல் இவர்கள் எல்லாருக்கும் திறந்தது 1939 ஜூலை 8-ந் தேதிதான்.

கோயில், குளம், தெரு, கிணறு என்று ஒவ்வொன்றிலும் "நீ யார்?" என்று கேட்ட காலம் அது. கேள்வி கேட்காமல் ஒருவரை நிற்க விடுகிற இடம் அந்தக் காலத்தில் எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்கத்தாவிலிருந்து வந்த பெயர்

தேசபந்து என்பது யார்? ஊர்க்காரரா? இல்லை. இந்தப் பக்கத்துக்காரரே இல்லை. அவர் வங்காளி.

சித்தரஞ்சன் தாஸ் என்பது அவர் பெயர். 1870-ல் பிறந்தார். கல்கத்தாவில் மிகப் பெரிய வக்கீல். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடி, 1909-ல் அவருக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவர். காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும், பணத்தைக் கொட்டிக் கொடுத்த வக்கீல் தொழிலை உதறித் தள்ளினார். மனைவி, மகனோடு சேர்ந்து சிறைக்குப் போனார். 1922-ல் கயாவில் நடந்த காங்கிரஸ் மகாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1924-ல் கல்கத்தாவின் முதல் மேயர் ஆனார். சுபாஷ் சந்திர போஸ் இவருடைய சீடர். 1925 ஜூன் 16-ந் தேதி தாஸ் இறந்தார். குடியிருந்த வீட்டையே அவர் ஜனங்களுக்குக் கொடுத்துவிட்டார். அது பெண்கள் ஆஸ்பத்திரி ஆயிற்று.

தேசத்துக்கு உறவினர் என்ற பொருளில் அவரைத் தேசபந்து என்று ஜனங்கள் அழைத்தார்கள். அந்தப் பெயர்தான் ஆயிரம் மைல் தாண்டி விருதுநகரில் ஒரு பொட்டலுக்கு வந்து சேர்ந்தது.

கல்கத்தாவுக்கும் இந்தச் சீமைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. அதே 1922-ம் வருஷம் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு வாலிபர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக் கொண்டார்கள். திரும்பி வந்து 1923-ல் சிவகாசியில் தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் மத்தாப்பு வந்தது. பட்டாசு வந்தது. தீபாவளிக்கு நாம் கொளுத்துகிற சரவெடியின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் கல்கத்தாவில் போய் நிற்க வேண்டும்.

அதே 1923-ல் இன்னொரு காரியமும் நடந்தது. விருதுபட்டி, விருதுநகர் ஆயிற்று. பெயரை மாற்ற வேண்டும் என்று ஊர் நினைத்தது. மாற்றிக் கொண்டது. யாரும் சாக வேண்டியிருக்கவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

கடைப் பையன்

மாரியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வளர்ந்தவர்தான் காமராஜர். 1903 ஜூலை 15-ந் தேதி பிறந்தவர். அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது.

சிறு வயதில் அவர் செய்ததாக ஒரு காரியம் சொல்வார்கள். கோயில் யானை ஒரு நாள் மிரண்டு தெருவில் ஓடியது. ஜனங்கள் சிதறினார்கள். பாகனாலும் அடக்க முடியவில்லை. யானையின் துதிக்கையில் வழக்கமாக இருக்கும் சங்கிலி அன்று இல்லை என்பதைச் சிறுவன் காமராஜ் கவனித்தான். ஓடிப் போய்ச் சங்கிலியை எடுத்து வந்து அதன் முன்னால் போட்டான். யானை அதை எடுத்துக் கொண்டு சாதுவாக நடந்தது. நடந்ததோ, நடந்ததாகச் சொல்கிறார்களோ, காமராஜரைத் தெரிந்தவர்களுக்கு இதை நம்புவதில் சிரமம் இருக்காது.

மாமாவின் துணிக்கடையில் உட்கார வைத்தார்கள். பையனுக்குக் கடையில் மனம் நிற்கவில்லை. எங்கே கூட்டம் என்றாலும் கேட்கப் போய்விடுவான். அந்தக் காலத்தில் ரேடியோ கிடையாது. படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். தேசத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் திடலில் நின்று பேச்சுக் கேட்க வேண்டும். பேசுகிறவர் யாராக இருந்தாலும், காசு கொடுக்காமல், முன் வரிசை பின் வரிசை இல்லாமல், நின்று கேட்கலாம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட எத்தனையோ பேருக்குத் திடல்தான் மேல் வகுப்பு.

விருதுநகரில் காங்கிரஸ்காரர்களும் இருந்தார்கள். ஜஸ்டிஸ் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். 1931 ஆகஸ்டில் சுயமரியாதை மாகாண மகாநாடு இந்த ஊரில்தான் கூடியது. ஒரே ஊரில் இரண்டு பக்கத்துப் பேச்சும் ஜனங்கள் காதில் விழுந்தது.

காமராஜர் 1941-ல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்தார். ஒரே ஒரு கூட்டத்துக்குப் போய்த் தலைமை வகித்தார். தமக்கு வேறு வேலை இருக்கிறது என்று ராஜினாமா செய்துவிட்டு வந்துவிட்டார்!

1954 ஏப்ரலில் அவர் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி ஆனார். இரண்டு வருஷம் கழித்து, அவருடைய சொந்த ஊரிலேயே, இந்தத் திடலில் ஒரு சம்பவம் நடந்தது.

பட்டினி கிடந்த பெரியவர்

அவர் பெயர் சங்கரலிங்கனார். விருதுநகரை அடுத்த மண்மலைமேட்டில் 1895-ல் பிறந்தவர். காமராஜரை விட எட்டு வயது மூத்தவர். அவரும் காங்கிரஸ்காரர்தான். கதர் உடுத்தியவர். 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டவர்.

1956-ம் வருஷம். மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்து அமைக்க ஏற்பாடாகிக் கொண்டிருந்தது. நவம்பர் 1-ந் தேதி புது ராஜ்யங்கள் பிறக்க வேண்டும். தெலுங்கர்களுக்கு ஆந்திரம் 1953-லேயே கிடைத்துவிட்டது. மலையாளிகளுக்குக் கேரளம். தமிழர்களின் ராஜ்யத்துக்கு என்ன பெயர்?

மெட்ராஸ் ஸ்டேட்!

வெள்ளைக்காரன் வைத்த பெயரே இருக்கட்டும் என்றார்கள். மெட்ராஸ் என்றால்தான் வெளிநாட்டில் தெரியும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

சங்கரலிங்கனாருக்கு இது பொறுக்கவில்லை. "தமிழ்நாடு" என்று பெயர் வைக்க வேண்டும் என்றார். அதோடு சேர்த்து மொத்தம் 12 கோரிக்கைகள் எழுதினார். ரயிலில் எல்லாருக்கும் ஒரே வகுப்புதான் இருக்க வேண்டும். பெரிய பதவியில் இருப்பவர்கள் எளிமையாக வாழ வேண்டும். சர்க்கார் ஊழியர்கள் கதர் கட்ட வேண்டும். இந்தியா முழுவதும் மதுவிலக்கு வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தன. இவற்றில் சில இன்று நமக்கு நடக்காத காரியமாகத் தோன்றும். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. காந்தியின் வார்த்தையை அப்படியே நம்பிய தலைமுறை அது.

1956 ஜூலை 27-ந் தேதி சூலக்கரைமேட்டில் உண்ணாவிரதம் தொடங்கினார்.

சூலக்கரைமேடு ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே பட்டினி கிடந்தால் யார் பார்ப்பார்கள்? பிறகு அவர் ஊர் நடுவே, தேசபந்து மைதானத்துக்கு வந்தார்.

அதற்கு நாலு வருஷம் முன்னால், 1952-ல், ஆந்திர ராஜ்யம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார். அவர் இருந்தது மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குள். 58-ம் நாள் உயிர் விட்டார். சங்கரலிங்கனார் கிடந்தது கோயிலுக்கும் கடைவீதிக்கும் நடுவில் உள்ள திடலில். அம்மனைக் கும்பிடப் போகிற பெண்கள் பார்த்தார்கள். கடை திறக்கப் போகிற முதலாளி பார்த்தார். மூடை சுமக்கிற தொழிலாளி பார்த்தார். பார்க்காமல் யாரும் போக முடியாது. ஒரு ஊர் தன் கண் முன்னால் ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதை நாள்தோறும் பார்த்தது.

ஆடியில் தொடங்கியது. ஆவணி போயிற்று. புரட்டாசியும் பிறந்தது.

நிறுத்தச் சொல்லிக் கேட்டார்கள். அண்ணா, ஜீவா போன்ற தலைவர்கள் அவரைச் சந்தித்து மன்றாடினார்கள். கட்சி வேறுபாடு இல்லாமல் பலரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. சர்க்காரும் பெயரை மாற்றவில்லை. கோட்டையில் முதல் மந்திரி நாற்காலியில் இருந்தவர் விருதுநகர்க்காரர். திடலில் பட்டினி கிடந்தவரும் விருதுநகர்க்காரர். இருவர் உடம்பிலும் கதர்.

உடம்பு மிகவும் மோசமானதும் அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். 1956 அக்டோபர் 13-ந் தேதி அங்கே உயிர் பிரிந்தது. வயது 61. தம் உடலைக் கம்யூனிஸ்டுக் கட்சியாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். வாழ்நாள் முழுவதும் காங்கிரஸ்காரராக இருந்தவர் கடைசியில் சொன்னது அது. மதுரையில் அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது.

அதற்கு 19-ம் நாள் புது ராஜ்யம் பிறந்தது. பெயர்: மெட்ராஸ் ஸ்டேட்.

13 வருஷம்

பிறகு என்ன ஆயிற்று?

1957-ல் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டசபைக்கு வந்தது. தோற்றது. 1961-ல் பாராளுமன்ற மேல்சபையில் பூபேஷ் குப்தா இதற்காக ஒரு மசோதா கொண்டு வந்தார். அதுவும் தோற்றது. அவர் ஒரு வங்காளி. தேசபந்துவின் நாட்டுக்காரர்!

1967 பிப்ரவரியில் பொதுத் தேர்தல் வந்தது. காமராஜர் சொந்தத் தொகுதியான விருதுநகரில் நின்றார். பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். நாடே அதிர்ந்தது. சங்கரலிங்கனாரின் சாவுக்கு ஊர் கொடுத்த பதில் இது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தேர்தலில் அரிசி விலை இருந்தது, இந்தி இருந்தது, இன்னும் பல இருந்தன. 13 ஆயிரத்துக்குச் சமமான காரியங்களை இந்தச் சீமைக்குச் செய்த மனிதர் 13 நூறு ஓட்டில் தோற்றதற்கு ஒரே காரணம் கண்டுபிடிக்க முடியாது.

அதே வருஷம் ஜூலை 18-ந் தேதி முதல் மந்திரி அண்ணா சட்டசபையில் பெயர் மாற்றத் தீர்மானம் கொண்டு வந்தார். இந்தத் தடவை எதிர்ப்பு இல்லை. ஏகமனதாக நிறைவேறியது. காங்கிரஸ் உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். 1969 ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் நேரத்தில், தமிழ்நாடு என்ற பெயர் அமலுக்கு வந்தது.

விருதுபட்டி விருதுநகர் ஆகப் போதியது ஒரு தீர்மானம். மெட்ராஸ் ஸ்டேட் தமிழ்நாடு ஆக ஓர் உயிரும் 13 வருஷமும் வேண்டியிருந்தது.

இப்போது சங்கரலிங்கனாருக்கு விருதுநகரில் மணிமண்டபம் இருக்கிறது. ஜூலை 18-ந் தேதியைத் தமிழ்நாடு நாளாகச் சர்க்கார் கொண்டாடுகிறது.

116 ஏக்கர் எங்கே போயிற்று?

ஒரு பொட்டல் பொட்டலாகவே இருப்பது லேசான காரியம் அல்ல. சென்னைப் பட்டணத்தைப் பாருங்கள்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 1859-ல் கவர்னர் டிரெவெலியன் மக்கள் பூங்கா என்று ஒன்று உண்டாக்கினார். 116 ஏக்கர்! உள்ளே குளங்கள், பாதைகள், பாண்டு வாத்திய மேடை. மிருகக்காட்சி சாலையும் இருந்தது. சென்னைவாசிகள் அதை "உயிர் காலேஜ்" என்றார்கள். அங்கே மார்கழித் திருவிழா மாதிரி ஒரு சந்தை நடக்கும். 1886 டிசம்பர் 31-ந் தேதி அதில் பந்தல் தீப்பிடித்து நூற்றுக்கணக்கான பேர் மாண்டார்கள். தீயின் கொடுமை தெரிந்த நம் பக்கத்தாருக்கு அந்தக் கோரத்தை விவரிக்க வேண்டியது இல்லை.

ஆனால் பூங்காவைத் தின்றது தீ அல்ல. கட்டிடம்! விக்டோரியா மண்டபம் வந்தது. மூர் மார்க்கெட் வந்தது. 1913-ல் ரிப்பன் கட்டிடம் வந்தது. விளையாட்டு அரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான். ஒவ்வொன்றுக்கும் "கொஞ்சம் இடம்தானே" என்றுதான் எடுத்தார்கள். 1985-ல் மிருகங்களும் வண்டலூருக்குப் போய்விட்டன. அதே வருஷம் மூர் மார்க்கெட்டும் எரிந்து போயிற்று. இன்று சென்ட்ரலில் இறங்குகிற யாரிடமாவது இங்கே 116 ஏக்கர் பூங்கா இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். நம்ப மாட்டார்.

இடத்தை எடுத்துக் கொள்ளக் கட்டிடம்தான் கட்ட வேண்டும் என்பதும் இல்லை. கதவைச் சாத்தினாலும் போதும். லண்டனில் ஹைட் பார்க் என்று பெரிய பூங்கா இருக்கிறது. 1866-ல் ஓட்டுரிமை கேட்டுத் தொழிலாளர்கள் அங்கே கூட்டம் போட வந்தார்கள். சர்க்கார் கேட்டைப் பூட்டியது. கூட்டம் இரும்புக் கம்பி வேலியைச் சாய்த்துவிட்டு உள்ளே போயிற்று! 1872-ல் பூங்காவில் பேச்சு நடத்தச் சட்டமே இடம் கொடுத்தது. இன்றும் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு மூலையில் யார் வேண்டுமானாலும் நின்று பேசலாம்.

ஹைட் பார்க்கில் புல்லும் உண்டு, பேச்சும் உண்டு. நம் பொட்டலில் பேச்சு இருந்தது. நிழலும் இருந்தால் இன்னும் நல்லது என்பது என் எண்ணம். வேம்பும் புங்கனும் இந்த மண்ணில் தண்ணீர் கேட்காமல் வளர்கிற மரங்கள். ஓரமாக நட்டால் கூட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. வண்டி நிறுத்தவும் தற்காலிகக் கடை போடவும் இப்படிப்பட்ட இடங்கள் மீது எந்த ஊரிலும் கண் உண்டு. மரம் நின்றால் அந்தக் கண் கொஞ்சம் கூசும்.

பங்குனிப் பொங்கல்

திடலை நிறைந்த கோலத்தில் பார்க்க ஆசையா? பங்குனி மாதம் போங்கள்.

மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் அப்போதுதான். சுற்று வட்டாரமே திரண்டு வரும். சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை எங்கிருந்தும் ஜனங்கள் வருவார்கள். கோயிலைச் சுற்றி வளையல் கடை, பொரி கடலைக் கடை, ராட்டினம். க்ஷத்திரிய வித்தியாசாலைப் பள்ளி மைதானத்தில் பொருட்காட்சி நடக்கும்.

பொங்கலுக்கு மறுநாள் அக்கினிச்சட்டி. மஞ்சள் உடை உடுத்தி, வேப்பிலையோடு, கொழுந்து விட்டு எரிகிற சட்டியை வெறுங்கையில் ஏந்தி ஆணும் பெண்ணும் வருவார்கள். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவர் வருஷம் முழுவதும் நெருப்பைக் கண்டு பயந்து வாழ வேண்டும். மடியில் ஒரு தீக்குச்சி இருந்தாலும் ஆலைக்குள் விட மாட்டார்கள். மருந்து அறையில் கால் உரசினாலும் ஆபத்து. அவரே நேர்ந்து கொண்டு, அம்மன் சந்நிதிக்கு அந்த நெருப்பைத் தம் கையிலேயே எடுத்து வருகிறார். ஆலையிலிருந்து முழு உடம்போடு வீடு திரும்பிய ஒவ்வொரு நாளுக்காகவும் எத்தனை பேர் நேர்ந்து கொண்டிருப்பார்கள் என்று அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் தோன்றும்.

கூட்டத்தில் அலைந்து களைத்தவர்கள் எங்கே உட்காருவார்கள்? கட்டுச் சோற்றை எங்கே பிரிப்பார்கள்? தூங்கிப் போன பிள்ளையை எங்கே கிடத்துவார்கள்? திறந்த வெளி எங்கே இருக்கிறதோ அங்கேதான்.

சிவகாசியிலிருந்து விருதுநகருக்குச் சுமார் 25 கிலோமீட்டர். பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. ஊருக்குள் வந்து மாரியம்மன் கோயில் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். பக்கத்துத் தெருக்களிலேயே காமராஜர் பிறந்த வீடு இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு திடலுக்கு வாருங்கள். வருகிற வழியில் எண்ணெய் பரோட்டா வாங்கிக் கொள்ளலாம். இந்த ஊரில் அதுவும் பேர் பெற்றது.